புள்ளியிலிருந்து போர்வைக்கு: திருவேட்டக்குடித் தையல் மகளிர்க்கு ஒரு திறந்த மடல்

காரைக்கால் பகுதியின் திருவேட்டக்குடியிலும் கோட்டுச்சேரிக் கொம்யூனின் பிற ஊர்களிலும் தையல் பொறியை நம்பிக் குடும்பம் நடத்தும் மகளிர்க்கும், சுய உதவிக் குழுக்களில் தையல் பழகிவரும் இளம்பெண்களுக்கும் இம்மடல்.

ரவிக்கை, சுடிதார், பள்ளிச் சீருடை ஆகியவற்றைத் தைத்த பின் மிஞ்சும் பிட்டுத்துணிகளை இணைத்து விரிப்பும் போர்வையும் கைப்பையும் செய்யும் தொழில், தமிழகக் கடற்கரை ஊர்களிலும் புதுச்சேரிப் பகுதிகளிலும் மெல்லப் பரவிவருகிறது. இத்தொழிலில் இறங்குவோர் முதலில் தேடுவது வடிவத்தையும் நிற இணைவையும்தான். அவ்விரண்டும் கைப்பேசித் திரையில் வரும் அயல்நாட்டு மாதிரிகளிலிருந்தே பெரும்பாலும் எடுக்கப்படுவதால், காரைக்காலில் தைத்த விரிப்பும் வேறெந்த நாட்டில் தைத்த விரிப்பும் ஒன்றுபோல் தோன்றும் நிலை ஏற்படுகிறது. இத்தொழிலுக்கு வேண்டிய வடிவக் கணக்கு திருவேட்டக்குடியின் ஒவ்வொரு வாசலிலும் புள்ளி வரிசையாக நாள்தோறும் இடப்படுகிறது என்பதும், நிறக் கணக்கு காவிரி டெல்டாவின் தேர்ச்சீலைகளிலும் கட்டம்போட்ட சேலைகளிலும் ஏற்கெனவே வகுத்து வைக்கப்பட்டுள்ளது என்பதும், அவற்றின் உருவத்தை நகலெடுப்பதைவிட அவற்றின் விதியைத் துணிக்குக் கொண்டுவருவதே பயன் தரும் என்பதும் இம்மடலின் கருத்து.

‘குவில்ட்’ என்று கடைகளில் வழங்கும் தையல்போர்வை மூன்று அடுக்குகளைக் கொண்டது. மேலே காட்சிக்குரிய மேல்துணி, நடுவே பஞ்சு அல்லது பழந்துணி அடுக்கு, கீழே அடித்துணி என அமையும் மூன்றையும் ஊடுருவிச் செல்லும் ஓடு தையலே அவற்றை ஒரே பொருளாக்குகிறது. மேல்துணியைச் சிறு துண்டுகளை ஓரத்தோடு ஓரம் சேர்த்து உருவாக்கினால் அது ஒட்டுத்துணி வேலை. ஒரு துணியின் மேல் வேறு நிறத் துண்டுகளை வெட்டி வைத்துத் தைத்தால் அது மேலொட்டு வேலை. இவ்விரண்டில் முன்னதற்குக் கோலமும் பின்னதற்குத் தேர்ச்சீலையும் நேரடி ஆசான்கள் ஆகின்றன. அடுக்குகளைப் பிணைக்கும் தையல் கோட்டுக்குச் சிக்குக்கோலம் வழிகாட்டுகிறது.

இக்கடற்கரைக்கும் உலகின் ஒட்டுத்துணி வேலைக்கும் உள்ள உறவு பழையது. சோழமண்டலக் கரையின் மணற்பாங்கான நிலத்தில் வளரும் இம்பூறல் என்னும் சிறு செடியின் வேர், சாயவேர் என்ற பெயரில், படிகாரம் ஏற்றிய பருத்தித் துணிக்கு நீங்காத சிவப்பைத் தந்தது. அந்தச் சிவப்பையும் அவுரியின் நீலத்தையும் கொண்டு கையால் தீட்டிய துணிகள் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவை அடைந்தபோது, அங்குள்ள நெசவாளர்களும் கம்பளி, பட்டு வணிகர்களும் தங்கள் தொழில் குலையும் என்று அஞ்சினர். பிரான்சு 1686 முதல் 1759 வரை அத்துணிகளைத் தன் நாட்டில் விற்பதையும் உடுத்துவதையும் தடைசெய்திருந்தது. பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1739-இல் தஞ்சை மன்னரிடமிருந்து காரைக்காலைப் பெற்றது அத்தடை நடப்பிலிருந்த காலத்தில்தான். இங்கிலாந்தும் 1700, 1721 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களால் இத்தகைய துணிகளைக் கட்டுப்படுத்தியது. கிடைப்பதற்கு அரிதாகிவிட்ட துணியின் ஒரு சிறு துண்டையும் வீணாக்க மனமில்லாத நிலையில், அத்துண்டுகள் கட்டங்களாக வெட்டப்பட்டுப் போர்வைகளில் இடம்பெற்றன. இங்கிலாந்தின் வடமேற்குப் பகுதியில் லெவன்ஸ் ஹால் என்னும் மாளிகையில் உள்ள, சுமார் 1708-ஆம் ஆண்டைச் சேர்ந்ததாக மரபாகக் கருதப்படும் ஒட்டுத்துணிப் போர்வை இந்தியச் சாயத்துணியை எண்கோணங்களாகவும் சிலுவை வடிவங்களாகவும் வெட்டி இணைத்தது. திருவேட்டக்குடிக்கு வடக்கே சற்றுத் தொலைவில் உள்ள தரங்கம்பாடியில் டேனியர் 1620 முதல் செய்த வணிகத்திலும் இத்தகைய துணிகள் இடம்பெற்றன. ஆகவே, ஒட்டுத்துணிப் போர்வையை வெளியிலிருந்து வந்த கலையாக மட்டும் கருதி அதன் முன் தயங்கி நிற்க வேண்டிய தேவை இக்கரையின் பெண்களுக்கு இல்லை.

இந்தியாவிலும் வெளியிலும் புகழ்பெற்ற தையல்போர்வை மரபுகளை நோக்கினால், அவற்றுள் பல பழந்துணியிலிருந்தும் பற்றாக்குறையிலிருந்தும் பிறந்தவை என்பதோடு, ஒவ்வொன்றும் தனக்கென ஓர் உள்விதியை வைத்திருப்பதும் புலப்படும். வங்காளத்தின் காந்தா, பழைய சேலைகளை அடுக்கி, அவற்றின் கரையிலிருந்து உருவிய வண்ண நூலால் ஓடு தையல் இடுவது. கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில், ஹளியாள், எல்லாப்பூர், முண்டகோடு வட்டங்களில் வாழும் ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவண்டி, ஓரத்தில் தொடங்கி உள்நோக்கி மையம் வரை தைத்துச் செல்லப்படுவது. அதன் நான்கு மூலைகளிலும் மடித்த சிறு துணிகளாலான ‘பூலா’ என்னும் பூக்களை வைக்காவிட்டால் போர்வை நிறைவடையாததாகவே அப்பெண்கள் கருதுகின்றனர். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆற்று வளைவில் ஒதுங்கிக் கிடந்த ஜீஸ் பெண்ட் என்னும் கருப்பின மக்களின் ஊரில், கிழிந்த வேலையுடைகளைக் கொண்டு தைத்த போர்வைகள் 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. 2006-இல் அந்நாட்டு அஞ்சல் துறை அவற்றை அஞ்சல்தலைகளாக வெளியிட்டது. ஒரு சதுரத்தைச் சுற்றி இன்னொரு சதுரம் என்று விரிந்துகொண்டே போகும் ‘வீட்டுக்கூரை’ என்னும் ஒரே விதியை அவ்வூர்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக மாற்றி மாற்றித் தைத்தனர். விதி ஒன்றாக இருந்தும் ஒரு போர்வையைப் போல மற்றொன்று இல்லை என்பதே அங்கே கவனிக்கத்தக்கது. திருவேட்டக்குடிக்கு அத்தகைய விதியை வெளியில் தேட வேண்டியதில்லை.

கோலத்தின் அடிப்படை புள்ளி. புள்ளி வரிசை இரு வகைப்படும். ஒரு வரிசையின் புள்ளிக்கு நேர் கீழே அடுத்த வரிசையின் புள்ளி அமைவது நேர்ப்புள்ளி. இரண்டு புள்ளிகளின் இடைவெளிக்குக் கீழே அமைவது ஊடுபுள்ளி அல்லது இடுக்குப்புள்ளி. நேர்ப்புள்ளி தரையைச் சதுரங்களாகவும், இடுக்குப்புள்ளி முக்கோணங்களாகவும் பிரிக்கின்றன. புள்ளிகளைக் கோட்டால் இணைப்பது ஒரு முறை, புள்ளிகளைத் தொடாமல் அவற்றைச் சுற்றி வளைத்துச் செல்வது மற்றொரு முறை. பின்னதே சிக்குக்கோலம், கம்பிக்கோலம், நெளிக்கோலம் என ஊருக்கு ஒரு பெயரால் வழங்குவது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிரிதிவாசனுடன் சேர்ந்து 1970-களில் கோலத்தைக் கணிப்பொறி அறிவியலின் வடிவ இலக்கணமாக ஆராய்ந்தனர்; அதாவது, சில சிறிய வடிவ அலகுகளும் அவற்றை இணைக்கும் விதிகளும் இருந்தால் எண்ணற்ற கோலங்களை உருவாக்கலாம் என்பதை முறைப்படி நிறுவினர். அமெரிக்கக் கணித அறிஞர் மார்சியா ஆஷர் 2002-இல் இம்மரபைப் பற்றி எழுதிய பின் உலகக் கணித உலகின் கவனமும் இதன்மேல் படிந்தது. அலகும் விதியும் கொண்ட எதுவும் துணிக்கு மாறக்கூடியது; ஒட்டுத்துணி வேலையும் அலகுகளை விதிப்படி இணைப்பதே.

இதை ஒரு கட்டத்தைக் கொண்டு விளக்கலாம். ஐந்து வரிசைகளில் ஐந்தைந்தாக நேர்ப்புள்ளி வைத்தால், புள்ளிகளுக்கிடையே 16 சிறு சதுரங்கள் கிடைக்கும். ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் 3 அங்குலம் என்று கொண்டால் முழுக் கட்டம் 12 அங்குலச் சதுரமாகும். நடுவில் உள்ள நான்கு சதுரங்களைச் சேர்த்து ஒரே அடர்நிறத் துண்டாக்கி, நான்கு மூலைச் சதுரங்களை வெளிர்நிறமாக விட்டு, எஞ்சிய எட்டுச் சதுரங்களையும் மூலைக்கு மூலை கோடிட்டு ஒரு பாதி அடர்நிறம், ஒரு பாதி வெளிர்நிறம் என ஆக்கினால், மார்கழி வாசல்களில் காணும் எட்டுமுனை நட்சத்திரம் துணியில் தோன்றும். ஒவ்வொரு பக்கத்திலும் தையலுக்குக் கால் அங்குலம் விட வேண்டுமாதலால், நடுத்துண்டு 6½ அங்குலமாகவும் மூலைத்துண்டுகள் 3½ அங்குலமாகவும் வெட்டப்பட வேண்டும். முக்கோணங்களுக்கு 3⅞ அங்குலச் சதுரங்களை அடர்நிறத்தில் நான்கும் வெளிர்நிறத்தில் நான்கும் வெட்டி, ஒவ்வொன்றையும் குறுக்கே அறுத்து, நிறத்துக்கு ஒன்றாக இணைத்துத் தைத்தால் வேண்டிய எட்டுச் சதுரங்களும் சரியான அளவில் வந்துவிடும். கட்டம் முழுவதையும் தைத்து முடித்தபின் அதன் அளவு 12½ அங்குலம் இருக்க வேண்டும். அதில் குறைந்தால் எங்கோ ஒரு தையல் கால் அங்குலத்தைத் தாண்டி உள்ளே இறங்கிவிட்டது என்று பொருள்.

அந்த எட்டு முக்கோணச் சதுரங்களில் ஒவ்வொன்றையும் நான்கு திசைகளில் திருப்பி வைக்க முடியும் என்பதால், வேறு எதையும் மாற்றாமலே 65,536 அமைப்புகள் அந்த ஒரு கட்டத்தில் அடங்கியுள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை ஒழுங்கற்றவை எனினும், காற்றாடி, வைரம், அலை, படிக்கட்டு எனக் கண்ணுக்கு இதமான பல அமைப்புகள் அவற்றினூடே கிடைக்கும். தைப்பதற்கு முன் துண்டுகளைப் பாயில் பரப்பித் திருப்பித் திருப்பி வைத்துப் பார்ப்பது இதனால்தான் இன்றியமையாதது. வடிவம் முதலில் தோன்றுவது அந்தப் பாயின் மேல்தான்.

இடுக்குப்புள்ளிக்கு இன்னும் சற்று எச்சரிக்கை தேவை. தரையில் கோலமிடும் கை, கண்ணளவால் வரிசைகளின் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும். துணிக்கு அந்த நெகிழ்வு இல்லை. புள்ளிகளின் இடைவெளி 2 அங்குலமானால், வரிசைகளின் இடைவெளி 2 அங்குலமாக அல்லாமல் ஏறத்தாழ 1¾ அங்குலமாக இருந்தால்தான் மூன்று பக்கமும் ஒத்த முக்கோணம் அமையும். அவ்வாறு அமைந்தால் ஆறு முக்கோணங்கள் சேர்ந்து அறுகோணமும், இரண்டிரண்டாகச் சேர்ந்த சாய்சதுரங்கள் ஆறு கூடி ஆறுமுனை நட்சத்திரமும் இடைவெளியின்றிப் பொருந்தும். வரிசை இடைவெளியையும் 2 அங்குலமாகவே வைத்துவிட்டால், ஒரு துண்டைத் திருப்பி அடுத்த இடத்தில் வைக்கும்போது மூலைகள் ஒன்றோடொன்று சேராமல் நடுவில் சுருக்கம் விழும். இத்தகைய துண்டுகளைக் கெட்டித்தாள் அச்சின் மேல் மடித்துக் கச்சாத் தையல் போட்டு, பின்னர் கையால் ஓரங்களை இணைத்து, இறுதியில் தாளை உருவிவிடும் முறை, தையல் பொறி இல்லாத வீடுகளிலும் செய்யத் தக்கது.

வெட்டும்போது நூலோட்டத்தையும் கவனிக்க வேண்டும். பாவு நூலின் போக்கிலோ ஊடை நூலின் போக்கிலோ வெட்டிய ஓரம் இழுத்தாலும் அவ்வளவாக நீளாது. தையற்காரர்கள் ‘கிராஸ்’ என்று சொல்லும் சாய்வில் வெட்டிய ஓரம் இழுத்தால் நீளும். ஆகவே ஒரு கட்டத்தின் வெளி ஓரங்களில் நேர்நூல் அமையுமாறும், கிராஸ் ஓரம் கட்டத்துக்குள் மற்றொரு துண்டோடு தைக்கப்பட்டு அடங்கிவிடுமாறும் திட்டமிட்டால், போர்வை ஓரத்தில் நெளியாது. மேலே சொன்ன எட்டுமுனை நட்சத்திரத்தில் இந்த ஒழுங்கு இயல்பாகவே அமைந்துவிடுகிறது.

சிக்குக்கோலத்துக்கு வரும்போது, அதன் பயன் மேல்துணியைவிட மூன்று அடுக்குகளையும் பிணைக்கும் தையலில் கூடுதலாக விளங்குகிறது. செவ்வகமாக வைத்த நேர்ப்புள்ளிகளைச் சுற்றி, ஒவ்வோர் இரு புள்ளிக்கும் நடுவே கோடுகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லுமாறு போடும் எளிய சிக்குக்கோலத்தில், எத்தனை தனித்தனிக் கோடுகள் வரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம்: நீளப்புள்ளி எண்ணிக்கையையும் அகலப்புள்ளி எண்ணிக்கையையும் மீதியின்றி வகுக்கும் மிகப் பெரிய எண் எதுவோ, அத்தனை கோடுகள். ஐந்துக்கு ஆறு என்று புள்ளி வைத்தால் இரண்டுக்கும் பொதுவான வகுஎண் 1 மட்டுமே என்பதால், தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும் ஒரே கோடு கிடைக்கும். நான்குக்கு ஆறு எனில் இரண்டு கோடுகள். ஆறுக்கு ஆறு எனில் ஆறு கோடுகள்.

தையலில் இதன் பயன் கண்கூடானது. ஒவ்வொரு கோடு முடியும்போதும் நூலை அறுத்து முடிச்சிட்டு மீண்டும் தொடங்க வேண்டும்; முடிச்சுகள் மிகுந்த இடம் துவைக்கத் துவைக்க முதலில் பிரியும். 6 அங்குல இடைவெளியில் ஐந்துக்கு ஆறாகப் புள்ளி குறித்தால், 30 அங்குல அகலமும் 36 அங்குல நீளமும் உள்ள குழந்தை விரிப்பின் பரப்பு முழுவதும் சுமார் 14 கெஜம் நீளமுள்ள ஒரே தையல் கோட்டால் நிறைந்துவிடும். கோடு திரும்பும் இடங்கள் ஓரப்பட்டைக்குள் மறைந்துவிடாமல் இருக்க, இந்தப் பரப்புக்கு வெளியே இரண்டு அங்குல அகலத்தில் ஒரு கரைத்துணி சேர்த்துக்கொள்வது நலம். குறிப்பதற்குத் தையற்கடைச் சாக்குக்கட்டியே போதும். முழுக்கோட்டையும் வரைய வேண்டியதில்லை, புள்ளிகளை மட்டும் வைத்தாலே கோலமிட்டுப் பழகிய கை வழி தெரிந்து செல்லும். வேறு நாடுகளில் இத்தகைய தொடர்தையலுக்கு அச்சிட்ட தாள்களும் கணிப்பொறி இணைத்த பொறிகளும் விற்கப்படுகின்றன. திருவேட்டக்குடியிலேயே அமைந்துள்ள, 2010-இல் தொடங்கப்பட்ட தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் மாணவர்களுக்கு இக்கணக்கு ஒரு நல்ல பயிற்சிப் பொருளாகும். புள்ளி எண்ணிக்கையைக் கொடுத்தால் தையல் வழியை வரைந்து காட்டும் எளிய செயலி ஒன்றை அவர்கள் எழுதித் தரவும், அது சரியா என்று இவ்வூர்ப் பெண்கள் சோதித்துச் சொல்லவும் கூடும்.

வடிவத்துக்கு அடுத்தது நிறம். நிறம் என்றவுடன் சிவப்பா பச்சையா என்ற கேள்வியே முதலில் எழுகிறது. ஒட்டுத்துணியில் அதற்கு முன் கேட்க வேண்டியது அடர்த்தியா வெளிர்மையா என்பது. எட்டுமுனை நட்சத்திரத்தைச் சிவப்புத் துணியிலும் அதே அளவு அடர்ந்த பச்சைத் துணியிலும் தைத்தால், அருகில் நிற்பவருக்கு நட்சத்திரம் தெரியும். பத்தடி தள்ளி நிற்பவருக்கு அது கலங்கிய ஒரு பரப்பாகவே தெரியும். ஈரத்தரையின் கருமையில் அரிசிமாவின் வெண்மை எழும்பித் தெரிவதற்கும், காவி தீட்டிய ஓரம் அந்த வெண்மையை மேலும் தூக்கிக் காட்டுவதற்கும் காரணம் இந்த அடர்த்தி வேறுபாடுதான். தேர்ந்தெடுத்த துணிகளை அடுக்கிவைத்துக் கைப்பேசியில் கருப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பார்த்தால், எவை ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன, எவை தனித்து நிற்கின்றன என்பது உடனே விளங்கும். துணிகளை அடர்ந்தவை, இடைப்பட்டவை, வெளிர்ந்தவை என மூன்று குவியலாகப் பிரித்துக்கொண்டு, பிறகு ஒவ்வொரு குவியலுக்குள்ளும் நிறம் தேர்வதே பிழை குறைந்த வழி.

ஒரு நிறம் தன் பக்கத்து நிறத்தால் மாறித் தோன்றும் என்பதை முதன்முதலில் விரிவாக ஆராய்ந்து எழுதியவர் ஒரு சாயத் துறை அலுவலரே. பாரீசில் கோபெலின் திரைச்சீலைத் தொழிற்கூடத்தின் சாயப் பிரிவுக்கு 1824-இல் பொறுப்பேற்ற வேதியியலாளர் செவ்ரல், அங்கே நெய்த கருப்பு நூல் நீலத்தின் அருகிலும் ஊதாவின் அருகிலும் வலுவிழந்து தெரிகிறது என்ற முறையீட்டை ஆராய்ந்தார். சாயத்தில் குறையில்லை என்பதையும், அருகிலிருக்கும் நிறமே கருப்பின் தோற்றத்தை மாற்றுகிறது என்பதையும் கண்டறிந்து, 1839-இல் நூலாக வெளியிட்டார். ஒரே மஞ்சள் துணியை நீலத்தின் நடுவில் வைத்தால் எரிவதுபோலவும், ஆரஞ்சின் நடுவில் வைத்தால் பச்சை சாய்ந்ததாகவும் தோன்றுவதை எந்தத் தையல் மேசையிலும் சோதித்து அறியலாம். எனவே கடையில் ஒரு துணியைத் தனியே பார்த்து ‘இது நன்றாக இருக்கிறது’ என்று முடிவு செய்வது போதாது. அது எதன் பக்கத்தில் உட்காரப் போகிறதோ அதை உடன் கொண்டுசென்று சேர்த்துவைத்துப் பார்த்தே வாங்க வேண்டும்.

இந்த அறிவு தஞ்சை, கும்பகோணம் பகுதிகளின் தேர்ச்சீலை செய்வோரிடம் தொழில்முறையாகவே இருந்துவருகிறது. திருநள்ளாற்றுத் தேரோட்டத்தைக் கண்டவர்கள் தேரைச் சுற்றித் தொங்கும் உருளை வடிவத் தொம்பைகளை அறிவார்கள். வட்டச் சட்டத்தில் துணியைத் தைத்துத் தொங்கவிடும் இவ்வேலையில் சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை, கருப்பு என நிறங்கள் சிலவே. ஆயினும் அசைந்து செல்லும் தேரில், ஆயிரக்கணக்கானோர் நடுவே, தொலைவிலிருந்தும் ஒவ்வொரு பூவும் அன்னமும் யாளியும் தெளிவாகப் புலப்படுகின்றன. உருவத்தின் ஓரத்தில் வெள்ளையிலோ கருப்பிலோ மெல்லிய பட்டை வைத்துத் தைப்பது இதற்கு ஒரு காரணம். சிவப்பும் பச்சையும் நேரடியாக ஒட்டி நின்றால் ஒன்றையொன்று அலைக்கழிக்கும்; இடையில் செல்லும் வெண்பட்டை இரண்டையும் விலக்கி நிறுத்தி, ஒவ்வொன்றையும் அதன் நிறத்திலேயே காணச் செய்கிறது. ஒட்டுத்துணி விரிப்பில் கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே ஓர் அங்குல அகலத்தில் வெள்ளைப் பட்டை சேர்ப்பது இதே விதியின் இன்னொரு வடிவம். பொருந்தாதவை என்று ஒதுக்கிய பிட்டுத்துணிகள் பலவும் அப்பட்டையால் பொருந்திவிடும்.

பட்டையால் பிரிப்பது ஒரு வழியானால், கட்டத்தால் கலப்பது மற்றொரு வழி. மயிலாடுதுறையின் கூறைநாடு, பட்டும் பருத்தியும் கலந்த கட்டம்போட்ட கூறைச் சேலைக்குப் பெயர்பெற்றது. அத்தகைய கட்டத்துணியில் சிவப்புப் பாவும் மஞ்சள் ஊடையும் குறுக்கிடும் இடத்தில், இரண்டுமல்லாத ஓர் ஆரஞ்சு தொலைவிலிருந்து பார்ப்பவர் கண்ணில் பிறக்கிறது. அதாவது, இரண்டு நிறங்களையும் இணைக்கும் மூன்றாவது நிறத்தைத் தறியே தந்துவிடுகிறது. சிவப்புத் துண்டும் மஞ்சள் துண்டும் ஒன்றோடொன்று மோதும் இடத்தில், அவ்விரு நிறங்களும் கலந்த கட்டத்துணியை நடுவில் சேர்த்தால் மோதல் தணியும். சென்னைக் கட்டத்துணி கடல்கடந்து பிரெஞ்சு மேற்கிந்தியத் தீவுகளான குவாதலூப், மார்த்தினிக் ஆகியவற்றின் பெண்களுக்குத் தலைக்கட்டாகவும் விழாவுடையாகவும் ஆயிற்று.  ஆகவே லுங்கிக்கடையில் கிடைக்கும் கட்டத்துணியின் பிட்டுகளை மட்டமானவை என்று விலக்காமல், இணைப்பு நிறத்துக்குரிய துணியாக எடுத்துவைப்பது இவ்வூர்த் தையலுக்குத் தனி அடையாளம் தரும்.

இவ்விதிகளைக் கொண்டு ஊரின் நிறங்களைத் தேர்ந்துகொள்ளலாம். கோயில் மதிலின் காவியும் வெள்ளையும். நாற்றங்காலின் இளம்பச்சை, நடவுக்குப் பின் கரும்பச்சை, அறுவடைக் காலத்தின் பொன், அறுத்தபின் நிற்கும் தாளின் வெளிறிய பழுப்பு. கரையில் ஏற்றிவைத்த ஃபைபர் படகுகளின் பூச்சும் வலைகளின் நீலப்பச்சையும். காரைக்கால் அம்மையாரின் மாங்கனித் திருவிழாவில் மாடிகளிலிருந்து இறைக்கும் மாம்பழத்தின் மஞ்சளும் அதன் காம்படியில் படரும் சிவப்பும். மாசி மகத்தன்று திருமேனியழகர் வேடர் கோலத்தில் கடலாட எழுந்தருளும் ஊர் இது. அந்த ஊர்வலத்தின் குடை, கொடி, ஆலவட்டத் துணிகளும் ஒரு நிறத்தொகுதிதான். ஒரு விரிப்புக்கு ஒரு தொகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதில் அடர்ந்தது, இடைப்பட்டது, வெளிர்ந்தது என ஒவ்வொன்றிலும் இரண்டு துணி வைத்துக்கொண்டால் ஆறு துணிகளில் வேலை முடியும். காட்சியை அப்படியே துணியில் வரைய முயல்வதைவிட, அதன் நிறங்களின் அளவு விகிதத்தை எடுப்பது மேல்: அறுவடை வயலில் பொன் எவ்வளவு, வரப்பின் பச்சை எவ்வளவு, வானத்தின் நீலம் எவ்வளவு என்று கண் அறிந்துவைத்திருக்கும் விகிதமே அந்தக் காட்சியைத் துணியில் நினைவூட்டும்.

கடற்கரை வெப்பத்துக்குத் தடித்த போர்வை ஒவ்வாது என்பதால், நடு அடுக்குக்குச் செயற்கைப் பஞ்சைத் தவிர்த்து நன்கு துவைத்த பழைய வேட்டியையோ நூல்சேலையையோ வைப்பது பொருத்தமானது. அது மெலிதாகவும், ஐப்பசி கார்த்திகை மழையிலும் விரைவில் காய்வதாகவும், வியர்வையை உறிஞ்சுவதாகவும் இருக்கும். புதுத்துணிகளை வெட்டுவதற்கு முன் தனித்தனியே நனைத்து உலர்த்தினால், சுருங்க வேண்டியது முன்பே சுருங்கிவிடும். சாயம் போகும் துணி எது என்பதும் தெரிந்துவிடும். அடர்சிவப்பு ஒன்று சாயம் விட்டால் பக்கத்து வெள்ளைத் துண்டு அனைத்தும் பாழாகும். தொட்டில் விரிப்பு, பாய்மேல் விரிப்பு, சுவர்த்தொங்கல், பை ஆகியவற்றில் எது செய்தாலும், காலடியில் கிடக்கும் பொருளுக்குத் தெய்வ உருவங்களையும், ஹிருதய கமலம் போன்று பூசையறைக்குரிய கோலங்களையும் எடுக்காமல் இருப்பதே மரபறிந்த செயல். வாசற்கோலம் மிதிபடுவதற்கு அஞ்சாதது. அதன் புள்ளிக்கணக்கு எந்தப் பொருளுக்கும் பொருந்தும்.

இதுவரை கூறியவற்றுக்கு முதல் கையேடு ஏற்கெனவே பல வீடுகளில் இருக்கிறது. அம்மாவோ அத்தையோ பாட்டியோ பழைய நோட்டின் பக்கங்களில் வரைந்துவைத்த கோல நோட்டே அது. மார்கழி தொடங்குமுன் ஒவ்வொரு குழுவும் அத்தகைய நோட்டுகளைக் கொண்டுவந்து, ஒவ்வொரு கோலத்துக்கும் நேர்ப்புள்ளியா இடுக்குப்புள்ளியா, எத்தனை புள்ளி, எத்தனை வரிசை, யாரிடமிருந்து கற்றது என்பவற்றைக் குறித்து ஒரு பொது ஏட்டைத் தொகுப்பது முதற்பணி. அவற்றுள் துணிக்கு ஏற்ற பத்துக் கோலங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றையும் 12 அங்குலக் கட்டமாக, ஒரு முறை கருப்பு வெள்ளையிலும் ஒரு முறை ஊரின் நிறத்தொகுதி ஒன்றிலும் தைத்துப் பார்ப்பது இரண்டாவது பணி. விற்பனைக்குப் போகும் ஒவ்வொரு விரிப்பின் அடித்துணியிலும் தைத்தவரின் பெயர், ஊர், ஆண்டு, கோலத்தின் புள்ளிக்கணக்கு ஆகிய நான்கையும் ஒரு சிறு துணித்துண்டில் எழுதித் தைப்பது மூன்றாவது. ஜீஸ் பெண்ட் பெண்களின் போர்வைகள் பெயரில்லாத கந்தல்களாகக் கருதப்பட்ட காலம் போய், தைத்தவர் பெயரோடு அருங்காட்சியகத்தில் ஏறிய பின்னர் அவற்றின் விலையும் மதிப்பும் பெரிதும் உயர்ந்தன. வாசலில் இடும் கோலத்துக்குக் கையொப்பம் கிடையாது, மறுநாள் அது கூட்டித் தள்ளப்படும். துணியில் ஏறிய கோலமோ பல்லாண்டு இருக்கும், வேறு ஊர்களுக்கும் போகும். அதற்குரியவர் யார் என்பதை அந்தத் துணியே சொல்ல வேண்டும்.